வீட்டுக் கணினியைக் காப்பதும் கட்சிப் பணிதான்



கொஞ்சம் நீளமான பதிவு. இதில் யாருக்கும் பதிலடி கிடையாது, மீம் கிடையாது. ஆனாலும் முழுசா படிங்க. இது உங்க வீட்டு மேசை மேல இருக்கிற கணினியைப் பற்றியது. அதனாலேயே நம்ம கட்சியைப் பற்றியதும்கூட.

தகவல் தொழில்நுட்ப அணின்னு சொன்னதும் வெளியில் பலருக்கு மனசுல வர்ற படம் வேற. ஏசி அறை, வரிசையா கணினி, சம்பளத்துக்கு ஆள். நிஜம் என்னன்னு உங்களுக்குத் தெரியும். வேலை முடிச்சு வந்து ராத்திரி பத்து மணிக்கு மேல போஸ்டர் டிசைன் பண்ற தோழரோட பழைய டெஸ்க்டாப். வேலை தேடிக்கிட்டே வீடியோ எடிட் பண்ற தம்பியோட லேப்டாப். பிள்ளைங்க ஹோம்வொர்க் பண்ற அதே கணினியில் பூத் பட்டியலை எக்செல்லில் ஏத்துற கிளைச் செயலாளர். கட்சிக்கு சர்வர் அறைன்னு ஒன்று இருந்தால், அது இந்த வீடுகள்தான்.

அந்தக் கணினிக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்க. கிளை உறுப்பினர்களோட பெயர், செல்போன் எண், முகவரி. எந்நேரமும் திறந்தே கிடக்கிற வாட்ஸ்அப் வெப். ஒன்றியப் பக்கத்தோட அட்மின் லாகின். எஸ்ஐஆர் நேரத்தில் நம்மகிட்ட உதவி கேட்டு வந்தவங்களோட ஆதார் நகல், வாக்காளர் அட்டைப் படம், கையெழுத்துப் போட்ட படிவம். "நீயே பாத்துப் பண்ணிக் குடுப்பா"ன்னு நம்பிக் கொடுத்துட்டுப் போனாங்களே, அந்த அம்மாக்களோட அடையாளம் முழுக்க இப்பவும் உங்க டவுன்லோட்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கு. அது உங்க சொத்து இல்லை. அவங்க உங்ககிட்ட ஒப்படைச்சது.

இதைச் சொன்னால் உடனே வர்ற பதில் ஒன்னு உண்டு. "எங்கிட்ட திருட என்ன இருக்கு? பேங்க்ல ஆயிரம் ரூபாய்கூட இல்ல."

தோழரே, கணினிக்குள்ள வர்றவன் எப்பவும் எடுக்கத்தான் வருவான்னு யார் சொன்னது? வைக்கவும் வரலாம்.

பீமா கோரேகான் வழக்கு நினைவிருக்கா? கைதானவர்களில் ஒருவரான ரோனா வில்சனின் லேப்டாப்பின் நகலை, அவர் தரப்பு வழக்கறிஞர்கள் கேட்டுக்கொண்டபடி, அர்செனல் கன்சல்டிங் என்ற அமெரிக்க டிஜிட்டல் தடயவியல் நிறுவனம் ஆய்வு செய்தது. 2021 பிப்ரவரியில் வெளிவந்த அதன் அறிக்கை சொன்னது இது: 2016 ஜூனில் தெரிந்தவர் ஒருவரின் கணக்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அதிலிருந்த ஆவணத்தைத் திறக்க முயன்றதும் 'நெட்வயர்' என்ற உளவு மென்பொருள் உள்ளே இறங்கியது. 22 மாதங்களுக்கு அந்தக் கணினி வெளியாள் ஒருவரின் கட்டுப்பாட்டில் இருந்தது. பின்னாளில் ஆதாரமாகக் காட்டப்பட்ட கடிதங்கள் அந்த வழியாகவே, அவருக்குத் தெரியாமல், மறைவான ஒரு ஃபோல்டரில் வைக்கப்பட்டன.

அதே வழக்கில் கைதான ஸ்டேன் சுவாமி நம்ம திருச்சி மாவட்டத்து விரகாலூரில் பிறந்தவர். ஜார்க்கண்ட் பழங்குடிகளுக்காக வாழ்ந்தவர். 2021 ஜூலை 5 அன்று, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே காவலில் இறந்தார். அவருடைய கணினியிலும் இதேபோல் கோப்புகள் வைக்கப்பட்டிருந்தன என்று அர்செனலின் இன்னொரு அறிக்கை 2022 டிசம்பரில் வந்தது. அப்போது அவர் உயிரோடு இல்லை. தேசியப் புலனாய்வு முகமை இந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. எது உண்மைன்னு நீதிமன்றம் சொல்லட்டும். ஆனா ஒரு கணினிக்குள் வெளியாள் நுழைந்தால் அதன் உரிமையாளருக்கு என்னவெல்லாம் நேரலாம் என்பதற்கு இதைவிடக் கனமான உதாரணம் தேவையில்லை. அந்த முதியவருக்கும் மடியில் கனம் கிடையாது.

உங்களையும் என்னையும் தேடி அப்படி ஒரு உளவுக் கும்பல் வரும்னு நான் சொல்லலை. நமக்கு வர்ற ஆபத்து அதைவிடச் சாதாரணமானது. அதைப் பெரும்பாலும் நாமேதான் கதவைத் திறந்து உள்ளே கூப்பிடறோம். இரண்டு கதவு.

முதல் கதவு: கிராக்.

வெளிப்படையாப் பேசுவோம். கட்சி போஸ்டர் போடற கணினிகளில் எத்தனையில் காசு கொடுத்து வாங்கின போட்டோஷாப் இருக்கு? கோரல்டிரா? பிரீமியர்? சர்வீஸ் கடையில் "விண்டோஸ் போட்டுக் குடுங்க"ன்னு சொன்னா போட்டுக் கொடுக்கிறது எது? யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏத்த இதைக் கேட்கலை. மாசம் பதினைஞ்சாயிரம் சம்பாதிக்கிற தம்பி மென்பொருளுக்கு மாச வாடகை எங்கிருந்து கட்டுவான்? புரியுது. ஆனா அந்த கிராக் ஃபைலை ஓட்டுறதுக்கு முன்னாடி அது போடற முதல் நிபந்தனையைக் கவனிச்சீங்களா? "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க." வீட்டுக்குப் பூட்டு ரிப்பேர் பண்ண வந்தவன், "முதல்ல நாயைக் கட்டிப் போட்டுட்டு நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க"ன்னு சொன்னா சும்மா விடுவோமா?

அந்த கிராக்கோட சேர்ந்து வர்றதில் இன்னைக்கு மோசமானது தகவல் திருடும் மென்பொருள். இது கணினியை மெதுவாக்காது, திரையில் எதுவும் காட்டாது. பிரவுசரில் சேமிச்சு வச்ச பாஸ்வேர்டு எல்லாத்தையும் சில நொடிகளில் அள்ளிக்கிட்டுப் போயிடும். அதோட குக்கீயையும் எடுக்கும். குக்கீன்னா நீங்க ஏற்கெனவே லாகின் ஆனவர்னு தளம் உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கிற அனுமதிச் சீட்டு. அந்தச் சீட்டு கையில் இருந்தால் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். "நான் டூ ஸ்டெப் போட்டிருக்கேன்"ங்கிற தைரியம் இங்கே செல்லாது.

'லும்மா' என்பது இப்படி ஒரு திருட்டு மென்பொருள். 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையான 2 மாதத்தில் மட்டும் உலகம் முழுக்க 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் இது இருந்ததாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதன் கட்டமைப்பை நீதிமன்ற ஆணையோடு முடக்கவும் செய்தார்கள். ஒன்றை முடக்கினால் இன்னொன்று முளைக்கிறது.

"எனக்கு டெக்னாலஜி தெரியும், நான் மாட்ட மாட்டேன்" என்பவர்களுக்கும் ஒரு செய்தி. 2023 மார்ச்சில் ஹேக் ஆனது லைனஸ் டெக் டிப்ஸ். கணினியைப் பற்றியே பேசற, ஒன்றரைக் கோடி சந்தாதாரர்கள் இருந்த யூடியூப் சேனல். விளம்பர ஒப்பந்தம் போல வந்த ஒரு மெயில், பிடிஎஃப் போல இருந்த ஒரு கோப்பு, அதைத் திறந்த ஓர் ஊழியர். அவ்வளவுதான். பாஸ்வேர்டே இல்லாமல் சேனல் கைமாறியது. நம்ம மாவட்டப் பக்கத்துக்கு இது தேர்தலுக்கு முதல் நாள் நடந்தால்? வேட்பாளர் பெயரில் ஒரு பொய் அறிவிப்பு, ஒரு போலி ஆடியோ, போதும். மறுப்பு வெளியிடறதுக்குள்ள ஓட்டுப்பதிவு முடிஞ்சிருக்கும்.

இரண்டாவது கதவு: அப்டேட்.

"அப்டேட் போட்டா சிஸ்டம் ஸ்லோ ஆகுது, டேட்டா காலி ஆகுது"ன்னு அதை நிறுத்தி வச்சிருக்கிற வீடுகள் ஏராளம். 2017 மே 12 அன்று 'வான்னாக்ரை' பரவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. பக்கத்தில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் சிக்கின. இதில் வயித்தெரிச்சல் என்ன தெரியுமா? அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. கிட்டத்தட்ட 2 மாதம் அவகாசம் இருந்தது. போட்டவன் பிழைச்சான், போடாதவன் மாட்டினான்.

இப்ப நம்ம நிலைமைக்கு வருவோம். 2011-ல் தொடங்கி தமிழ்நாடு அரசு பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் விலையில்லா லேப்டாப் கொடுத்தது. எத்தனையோ வீடுகளில் முதல் கணினியே அதுதான். ஆரம்பத்தில் வந்தவற்றில் விண்டோஸ் 7 இருந்தது. அதற்கான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மாறலாம்னா, டிபிஎம் 2.0 சிப், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் என்று நிபந்தனை. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு அர்த்தம். ஏழை வீட்டுக் கணினி ஒரே நாளில் பூட்டில்லாத வீடாகிறது.

விண்டோஸ் 10-க்கு ஓராண்டு கூடுதல் அப்டேட் தருவதாக மைக்ரோசாப்ட் சொன்னது. 30 டாலர் கட்டணும், இல்லைன்னா செட்டிங்ஸை அவங்க கிளவுடில் பேக்கப் செய்யறது மாதிரி நிபந்தனையை ஏற்கணும். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் கேட்டன. அந்த நாடுகளுக்கு மட்டும் நிபந்தனை தளர்ந்து இலவசமானது. கேட்டவனுக்குக் கிடைச்சது. நாம கேட்கவே இல்லை. இது டெக்னாலஜி சமாச்சாரம் இல்லை தோழர்களே, சுத்தமான அரசியல். கணினி வீடு வந்து சேர்ந்தால் மட்டும் சமூகநீதி முடிஞ்சிடாது. அது பாதுகாப்பா ஓடணும். அதுவரைக்கும் நம்ம கோரிக்கையும் ஓயக் கூடாது.

சரி, இன்னைக்கே என்ன செய்யலாம்? காசு செலவில்லாத வேலைகளை மட்டும் சொல்றேன்.

1. விண்டோஸ் 10 அல்லது 11 வச்சிருக்கீங்கன்னா அதோடு வர்ற டிஃபெண்டர் போதும். தனியா ஆன்டிவைரஸ் வாங்க வேண்டாம், கிராக் ஆன்டிவைரஸ் போடவே வேண்டாம். அது ஆன் ஆகியிருக்கான்னு மட்டும் பாருங்க. யாராவது அணைச்சு வச்சிருந்தா, ஏன்னு கேளுங்க.

2. விண்டோஸ், பிரவுசர் இரண்டுக்கும் அப்டேட் தானா வர்ற மாதிரி விடுங்க. பழைய லேப்டாப்புக்கு அப்டேட்டே வராதுன்னா லினக்ஸ் போடுங்க. உபுண்டு, மின்ட் இரண்டும் இலவசம், புதுசு புதுசா அப்டேட் வரும். ரொம்பப் பழைய கணினின்னா மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு லேசா ஓடும்.

3. கிராக் மென்பொருளை நீக்குங்க. போட்டோஷாப்புக்கு ஜிம்ப், கோரல்டிராவுக்கு இங்க்ஸ்கேப், வீடியோவுக்கு கேடென்லைவ், எம்எஸ் ஆபீஸுக்கு லிப்ரே ஆபீஸ். எல்லாம் இலவசம். முதல் 2 வாரம் கை தடுமாறும், அப்புறம் பழகிடும். கிராக் ஓடின கணினின்னா மென்பொருளை நீக்கறது மட்டும் பத்தாது. முக்கியக் கோப்புகளை எடுத்து வச்சிட்டு, ஃபார்மட் பண்ணி, சுத்தமான இன்ஸ்டால் போடுங்க. பாஸ்வேர்டை எல்லாம் வேற நல்ல கணினியிலிருந்து மாத்துங்க. "எல்லா டிவைஸிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுங்க. அப்பதான் திருடு போன குக்கீ செல்லாமப் போகும்.

4. தினசரி வேலைக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு வேண்டாம். சாதாரணக் கணக்கு ஒன்று உருவாக்கி அதில் வேலை பாருங்க. பிள்ளைங்களுக்குத் தனிக் கணக்கு. கேம் சீட் கோடு தேடி அவங்க எதையாவது இறக்கினாலும் கணினி முழுசா போகாது.

5. பிரின்டிங் பிரஸ், ஃபிளெக்ஸ் கடை, ஜெராக்ஸ் கடை போயிட்டு வந்த பென் டிரைவை ஸ்கேன் பண்ணாமத் திறக்காதீங்க. ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறியிருந்தா அதைத் தொடாதீங்க. முடிஞ்சவரை டிசைனைக் கிளவுட் லிங்க்கா அனுப்புங்க.

6. கோப்போட உண்மையான வால் எதுன்னு பாருங்க. விண்டோஸ் அதை மறைச்சு வச்சிருக்கும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் பண்ணுங்க. 'வேட்பாளர் பட்டியல் பிடிஎஃப்' என்ற பெயரில் வந்த கோப்பு இஎக்ஸ்இ-ன்னு முடிஞ்சா, அது பட்டியல் இல்லை, பொறி.

7. "நீங்க மனிதர்தான்னு நிரூபிக்க விண்டோஸ் பட்டனையும் ஆர்-ஐயும் அழுத்தி, பேஸ்ட் பண்ணி, என்டர் தட்டுங்க"ன்னு எந்தத் தளமாவது சொன்னால் உடனே மூடிட்டு வெளியே வாங்க. உங்க கையாலேயே வைரஸை ஓட வைக்கிற தந்திரம் அது. இப்ப ரொம்பப் பரவிக்கிட்டிருக்கு.

8. வீட்டு வைஃபை ரவுட்டரில் 'அட்மின், அட்மின்'னு இருக்கிற பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க. 2016-ல் 'மிராய்' என்ற மென்பொருள் சுமார் 60 டீஃபால்ட் பாஸ்வேர்டுகளை மட்டும் வச்சுக்கிட்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது.

9. வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து பாருங்க. தெரியாத கணினி இருந்தா வெளியேத்துங்க. பிரவுசிங் சென்டரில் லாகின் பண்ணினா லாக் அவுட் பண்ணிட்டுத்தான் எழுந்திரிக்கணும்.

10. முக்கியமான கோப்புக்கு ஒரு பிரதி வெளி ஹார்டு டிஸ்கில் வைங்க. பிரதி எடுத்ததும் அதைக் கணினியிலிருந்து கழட்டிடுங்க. மாட்டியே வச்சிருந்தா, கோப்பைப் பூட்டுற வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும்.

11. வேலை முடிஞ்ச ஆதார் நகலையும் படிவத்தையும் அழிச்சிடுங்க. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணுங்க. உங்ககிட்ட இல்லாததை யாராலும் உங்ககிட்டேருந்து திருட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பணம் போச்சுன்னா, வெட்கப்பட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காம உடனே 1930-க்கு அடிங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு இருக்கு. கணினியில் வைரஸ் இருக்கோன்னு சந்தேகமா? ஒன்றிய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் சுத்தம் பண்ற கருவிகள் இலவசமாவே இருக்கு. நம்ம வரிப்பணத்தில் நடக்கிறது, பயன்படுத்துங்க. பேரையாவது தமிழில் வச்சிருந்தா இன்னும் நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

இதையெல்லாம் தனி மனிதன் தலையிலேயே கட்டிட்டு அரசு ஒதுங்கிக்க முடியாது என்பதையும் சொல்லியாகணும். ஏமாந்தவனைப் பார்த்து "விழிப்புணர்வு இல்ல"ன்னு சொல்றது சுலபம். அவன் கையில் அப்டேட் நின்றுபோன கணினியைக் கொடுத்தது யார்? அவனுக்குப் புரியற மொழியில் எச்சரிக்கை சொல்லாதது யார்?

வழி இல்லாமலும் இல்லை. சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ், அந்த விலையில்லா லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. அதுக்கும் முன்னாடி, உமாசங்கர் ஐஏஎஸ் நிர்வாக இயக்குநரா இருந்த காலத்தில், எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. கொடுத்தோம், ஆனா சொல்லிக் கொடுக்கலை. பயிற்சியும் இல்லை, பழுது பார்க்க ஆளும் இல்லை. அதனால பல வீடுகளில் பாஸை அழிச்சிட்டு கிராக் விண்டோஸ் ஏறியது. கேரளத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அரசு நிறுவனமான கைட் தயாரித்த லினக்ஸில்தான் படிக்கிறாங்க. ஆசிரியர்களுக்கும் அதிலேயே பயிற்சி. பக்கத்து மாநிலத்தால் முடிஞ்சது நம்மால் முடியாதா?

நம்ம கோரிக்கை மூன்று. அரசு கொடுக்கிற ஒவ்வொரு கணினிக்கும், அது உழைக்கிற காலம் முழுக்கப் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கணும், அதை டெண்டர் நிபந்தனையிலேயே எழுதணும். இ-சேவை மையங்களில் பழைய லேப்டாப்புக்கு இலவசமா லினக்ஸ் போட்டுக் கொடுக்கணும். பாதுகாப்பு எச்சரிக்கைகள் எளிய தமிழில் வரணும். ஆட்சியில் யார் இருந்தாலும் இதைக் கேட்போம். நாளைக்கு நாம் இருந்தால் நம்மகிட்டயும் இதையே கேளுங்க.

அதுவரைக்கும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தர் இல்லாத தெரு உண்டா? பூத் கமிட்டிக்கு ஆள் பிரிச்ச மாதிரி இதுக்கும் பிரிப்போம். கணினி தெரிஞ்ச ஒரு தோழர், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு பென் டிரைவில் லினக்ஸோடு, தன் கிளையில் 5 வீடு. பூத் பட்டியல் வச்சிருக்கிற கணினியிலிருந்து தொடங்குங்க. கட்சிக்காரர் வீடு முடிஞ்சதும் பக்கத்து வீட்டையும் கேளுங்க, அவங்க எந்தக் கட்சியா இருந்தாலும். போன் எண்ணையும் ஆதாரையும் நம்பி மக்கள் நம்மகிட்ட கொடுத்திருக்காங்க. அதைக் காப்பாத்தத் தெரியாதவங்ககிட்ட நாட்டை எப்படி நம்பிக் கொடுப்பாங்க?

போஸ்டர் ஒட்டுறதும் பூத்தில் உட்கார்றதும் மாதிரி இதுவும் கட்சிப் பணிதான்.

பதிவைப் பகிருங்க. உங்க கிளையில் எத்தனை கணினியைச் சரி பண்ணினீங்கன்னு கமென்டில் சொல்லுங்க. லினக்ஸ் போடறதில் சந்தேகம் இருந்தா அங்கேயே கேளுங்க, அணித் தோழர்கள் பதில் சொல்வாங்க.

தகவல் தொழில்நுட்ப அணி

#வீட்டுக்கணினி_பாதுகாப்பு
#கிராக்_வேண்டாம்
#கிளைக்கு_ஐந்து_வீடு